வினாவும் கடப்பாடும்: ஆரம்பப் பாடநூல்களின் உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஆரம்பப் பாடசாலைக்குரிய பாடநூல் ஒன்றினை விரித்து நோக்குவோர், பாடத்தின் இறுதியில் இரு வகையான வினாக்கள் அமைந்திருத்தலைக் காண்பர். ஒன்று, பாடத்திற் கூறப்பட்டதைத் திருப்பிக் கூறுமாறு வேண்டுவது. மற்றையது, பாடத்திற் கூறப்படாததைப் பிள்ளை தானே சிந்தித்துக் கூறுமாறு வேண்டுவது. கிணறு பற்றிய பாடமொன்றில், ‘கிணற்று நீர் எங்கிருந்து கிடைக்கின்றது?’ என்பது முதல் வகையினது. ‘உங்கள் ஊரிற் கோடை காலத்திற் கிணற்று நீர் உவர்ப்பதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? அதனைத் தடுக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்பது இரண்டாம் வகையினது. (இவ்விரு வினாக்களும் எடுத்துக்காட்டுக்காக ஈண்டு அமைக்கப்பட்டவையே, எந்தவொரு நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல.) இவ்விரண்டாம் வகை வினாக்களையே உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் என இக்காலக் கல்வியியலாளர் வழங்குவர்.

இப்பாகுபாட்டின் வரலாறு சற்று நோக்கற்பாலது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பரீட்சகர் குழுவொன்று, பெஞ்சமின் புளூம் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1956ஆம் ஆண்டிற் கல்வி நோக்கங்களின் பாகுபாடு ஒன்றினை வெளியிட்டது. அறிதல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிகள் அதில் அமைந்தன. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய வடிவம் இறுதிப் படியிற் படைத்தலை வைத்தது. இதிற் கவனிக்கத்தக்க செய்தி யாதெனின், இப்பாகுபாட்டினை உருவாக்கியோர் பல்கலைக்கழக வினாத்தாள்களைத் தயாரிப்போராவர் என்பதே. வினாக்களைத் தரம்பிரித்து அடுக்கி வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. பரீட்சகரின் மேசைமீது இருந்த அட்டவணை, காலப்போக்கில், எட்டு வயதுப் பிள்ளை ஏறவேண்டிய ஏணியாயிற்று. இதற்காகப் புளூமைக் குறைகூறுதல் பொருந்தாது. ஏணியைச் செய்தவர் வேறு, அதனைச் சுவரிற் சாத்தியவர் வேறு. மலேசிய அரசு 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விப் பெருந்திட்டம், 2016ஆம் ஆண்டளவில் ஆறாம் ஆண்டுப் பரீட்சை வினாக்களில் நாற்பது சதவீதமேனும் உயர்நிலைச் சிந்தனை வினாக்களாதல் வேண்டும் என விதித்தது. அந்நாட்டின் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் அதற்கேற்பப் பயிற்றப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் அப்பரீட்சையே நீக்கப்பட்டுவிட்டது. சிந்தனையைச் சதவீதத்தில் அளந்து விநியோகிக்கலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு எளிதில் ஏற்படுகின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வினாக்கள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உளவியல் சார்ந்தனவாகவே நிகழ்கின்றன. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையால் இவ்வாறு சிந்திக்க இயலுமா, மனனம் முந்தியதா, சிந்தனை முந்தியதா என்பன போன்றவை அவை. அவ்விவாதத்தில் ஈண்டு நுழைய வேண்டியதில்லை. வாய்பாட்டை மனனஞ் செய்யாத பிள்ளை கணக்கிற் சிந்திக்கவும் இடர்ப்படும் என்பதை எவரும் அறிவர்; மனனத்தைச் சிந்தனையின் பகையாகக் கொள்ளுதல் பிழை. அதனின் வேறான, ஒழுக்கவியல் சார்ந்த வினாவொன்று இங்கு உண்டு. ஒருவரிடம் ‘நீங்கள் என்ன நினைக்கின்றீர்கள்?’ எனக் கேட்பவர், கேட்கப்பட்டவருக்கு எவ்வகையிற் கடப்பாடுடையவராகின்றார்? கேட்கப்பட்டவர் ஒரு சிறு பிள்ளையாயின் அக்கடப்பாடு குறைகின்றதா, கூடுகின்றதா?

தமிழ் இலக்கண மரபு வினாவைப் பற்றி நுணுக்கமாகச் சிந்தித்துள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகையாக வகுத்தார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. ஆசிரியன் மாணாக்கனிடம் சூத்திரத்திற்குப் பொருள் கேட்பது அதற்கு உதாரணமாகக் காட்டப்படும். தான் அறியாததை அறியும்பொருட்டுக் கேட்பது அறியா வினா. மாணாக்கன் ஆசிரியனிடம் கேட்பது இவ்வகை. இரண்டிலொன்று துணியாது கேட்பது ஐய வினா. பண்டம் ஒன்றைப் பெறும்பொருட்டு வணிகனிடம் உளதோ எனக் கேட்பது கொளல் வினா. கொடுக்கும்பொருட்டுக் கேட்பது கொடை வினா. ஒரு செயலைச் செய்விக்கும்பொருட்டுக் கேட்பது ஏவல் வினா. இப்பாகுபாடு புளூமின் பாகுபாட்டிலிருந்து அடிப்படையில் வேறுபடுகின்றது. புளூமின் அட்டவணை, விடையளிப்பவரின் மனத்தில் நிகழ்வது யாது என்பதைக் கொண்டு வினாவைத் தரம்பிரிக்கின்றது. நன்னூலோ, கேட்பவர் எந்நிலையில் நின்று, எதற்காகக் கேட்கின்றார் என்பதைக் கொண்டு வகுக்கின்றது. வினாவின் ஒழுக்கவியலை ஆராய்வோருக்கு இரண்டாவது நோக்கே பெரிதும் உதவுகின்றது எனலாம்.

நன்னூலின் வழிநின்று நோக்கின், பாடநூலின் முதல் வகை வினா ஐயத்துக்கிடமின்றி அறிவினாவாகும். கேட்பவருக்கு விடை தெரியும். பிள்ளைக்கும் அது தெரிந்ததா என அறிய விரும்புகின்றார். இதில் மறைப்பு எதுவுமில்லை. இரண்டாம் வகை வினாவோ ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ எனக் கேட்கின்றது. பிள்ளை என்ன செய்யும் என்பதைப் பாடநூலாசிரியர் அறியமாட்டார், அறிந்திருக்கவும் இயலாது. ஆகவே சொல்லமைப்பில் அது அறியா வினா. அன்றேல், பிள்ளையிடமுள்ள ஒன்றைப் பெற்றுக்கொள்ள வந்து நிற்கும் கொளல் வினா. கடையின் முன் நின்று பயறு உளதோ எனக் கேட்பவன், உண்டென வணிகன் கூறியதும் வாங்காது திரும்புவானாயின் அவன் வணிகனை ஏளனஞ் செய்தவனாகின்றான். பிள்ளையின் எண்ணத்தை வினவிவிட்டு அதனைப் பெற்றுக்கொள்ளாத பாடநூலும் அந்நிலையினதே.

நடைமுறையில் நிகழ்வது யாது? மேற்கூறிய கிணற்று வினாவையே எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கென அமைந்த குறிப்பில், ‘மரங்களை நடுதல், மழைநீரைச் சேமித்தல், நீரை வீணாக்காதிருத்தல்’ என எதிர்பார்க்கப்படும் விடை இருப்பதாகக் கொள்க. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றிற் பயிலும் பிள்ளை இவ்வினாவுக்கு விடை எழுதுகின்றது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத அப்பிரதேசத்திற் சுண்ணாம்புக் கற்பாறையினுட் சேரும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். நிலத்தின் அடியில் உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கின்றது. வடகீழ்ப் பருவமழை ஈட்டிக்கொடுப்பதிலும் மிகுதியாக இறைக்குமிடத்து, உவர்நீர் மேலெழுந்து கிணற்றை அடைகின்றது. பிள்ளைக்கு இவ்விளக்கம் முழுவதும் தெரியாது. ஆயின், வெங்காயத் தோட்டத்துக்கு இரவிலும் இயந்திரம் நீரிறைக்கும் ஓசையை அது கேட்டிருக்கின்றது. இறைப்பு மிகுந்த மாதங்களில் வீட்டுத் தேநீர் கரிப்பதையும் அறிந்திருக்கின்றது. அது, ‘அப்பா மெசின் போடுவதைக் குறைக்க வேண்டும்’ என எழுதுகின்றது.

குறிப்பிலுள்ள விடைகள் தவறானவையல்ல. ஆனால் அவை எந்த ஊருக்கும் பொருந்துவன. பிள்ளையின் விடை அந்த ஊருக்கே உரியது. வினாவோ ‘உங்கள் ஊரில்’ என்றே கேட்டது. பகுத்தல், பிரயோகித்தல், மதிப்பிடல் ஆகிய படிகள் அனைத்தையும் ஒரு வாக்கியத்திற் கடந்துவிட்ட அப்பிள்ளையின் கொப்பியில் ஆசிரியர் என்ன குறியிடுவார்? குறிப்பில் அவ்விடை இல்லை. முப்பத்தைந்து கொப்பிகளை இடைவேளைக்குள் திருத்தவேண்டிய ஆசிரியர், அதனைக் கோடிட்டுவிட்டுக் கரும்பலகையில் ‘மரங்களை நடுதல்’ என எழுதி, எல்லோரையும் பார்த்தெழுதச் செய்வாராயின் அவரைக் கடிந்துகொள்வதும் எளிதன்று.

இதனாற் பிள்ளை இழப்பது ஒரு புள்ளி மட்டுமன்று. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ எனப் பெரியோர் கேட்கும்பொழுது, தான் நினைப்பதைக் கூறலாகாது. அவர்கள் நினைப்பது யாதென ஊகித்துக் கூறவேண்டும் என்பதை அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. இப்பாடத்தை எந்தப் பாடவிதானமும் விதிக்கவில்லை; எனினும் இதுவே நன்றாக மனத்திற் பதிகின்றது. சூழலைப் பாதுகாக்க, முதியோரை மதிக்க, ஒற்றுமையாக வாழ ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ எனக் கேட்கும் வினாக்கள் பலவும், கூர்ந்து நோக்கின், நன்னூலார் கூறும் ஏவல் வினாக்களே என்பது புலப்படும். ஏவுதல் குற்றமன்று. சிறு பிள்ளைகளை ஏவாது வளர்த்தல் இயலாது. ஏவலைக் கருத்தறியும் வினாவாக வேடமிட்டு நிறுத்துவதே குற்றம். அது கேட்பவரின் வாய்மையைப் பற்றியது.

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையை நினைத்தல் தகும். வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர், பிள்ளைகளுக்கெனச் சமய உண்மைகளை வினாவும் விடையுமாக அமைத்து அச்சிட்டார். வினாவும் நூலுள்ளே, விடையும் நூலுள்ளே. இம்முறை சிந்தனையை வளர்க்காது என இன்றைய கல்வியியலாளர் குறைகூறுவர். அக்குறை ஓரளவு பொருந்தலாம். ஆயினும், அவ்வமைப்பில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ‘இது வினா, இதற்கு விடை இது, இதனைக் கற்றுக்கொள்’ என அது வெளிப்படையாகவே கூறுகின்றது. பிள்ளையின் கருத்தைக் கேட்பதாக அது எவ்விடத்தும் பாவனை செய்யவில்லை. விடையை ஆசிரியர் கையேட்டில் ஒளித்துவைத்துக்கொண்டு ‘சுதந்திரமாகச் சிந்தித்து எழுதுக’ என்னும் நூலிலும் பார்க்க, விடையை அருகிலேயே அச்சிட்ட நூல் பிள்ளையை மதித்தது எனக் கூறினும் மிகையாகாது.

இலங்கையில் இச்சிக்கலைக் கூர்மையாக்குவது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் தோற்றும் அப்பரீட்சையிற் சிந்தித்து விடையளிக்கவேண்டிய வினாக்களும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கெனப் பயிற்சி நூல்களும் மாதிரி விடைகளும் ரியூசன் வகுப்புகளும் பெருகியுள்ளன. உயர்நிலைச் சிந்தனை வினாவுக்கு மாதிரி விடை என்பது, சொல்லளவிலேயே முரணானது. ஆயினும் கடைகளில் அது நன்கு விற்பனையாகின்றது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நடைபெற்ற பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் புள்ளி வழங்குவதென முடிவாயிற்று. நீதியின்பாற்பட்ட முடிவே அது. எனினும் அந்நிகழ்ச்சி ஓர் உரைகல்லைத் தந்து செல்கின்றது. முன்கூட்டியே தெரிந்துவிட்டாற் பயனற்றுப்போகும் வினா எத்தகையது? விடை ஒன்றேயான வினாவே அத்தகையது. ‘உங்கள் ஊர்க் கிணறு ஏன் உவர்க்கின்றது?’ என்ற வினாவை ஓராண்டுக்கு முன்னரே பிள்ளைக்குக் கூறிவிட்டாலும் கெடுவது ஒன்றுமில்லை. பிள்ளை அவ்வாண்டு முழுவதும் கிணற்றை எட்டிப் பார்க்கும், நன்மையே விளையும்.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. விடை ஒன்றென வரையறுக்கப்பட்டமையே ஏழைப் பிள்ளைக்கு அரணாக அமைந்தது என்பதே அவ்வாதம். கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கிராமப்புறப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் வழியாகப் புலமைப்பரிசிற் பரீட்சை விளங்கியது. குலம், செல்வம், செல்வாக்கு ஆகியன கோலோச்சிய சமூகத்தில், சரியான விடை எழுதியவனுக்குப் புள்ளி என்ற விதி ஒரு பெரும் புரட்சியாகும். புள்ளியிடும் திட்டத்துக்குத் தந்தையின் பெயர் தெரியாது. மாறாக, ‘எவ்விடையும் பொருத்தமாயிற் புள்ளி வழங்குக’ என விட்டுவிட்டாற் பொருத்தம் எதுவெனத் தீர்மானிப்பவர் யார்? நூல்கள் நிறைந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் சொல்வளம் பொருத்தமாகத் தோன்றும். தோட்டத்து லயன் அறையிலிருந்து வரும் பிள்ளையின் தடுமாறிய வாக்கியம் பொருத்தமற்றதாகத் தோன்றும். திறந்த வினா திறந்த மனங்களுக்கு மட்டுமன்றித் திறந்த பாரபட்சத்துக்கும் வழிவிடும்.

இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளுதல் தகாது. சிந்தனையைப் போற்றுவோர் பலர் இதனைக் காணாதவர் போற் கடந்து செல்கின்றனர். எனினும், இவ்வாதம் உண்மையில் நிறுவுவது யாது? தெரிவுக்குரிய புள்ளியை வழங்க விடை வரையறுக்கப்பட்ட வினாவே ஏற்றது என்பதனையே அது நிறுவுகின்றது. எல்லா வினாக்களுக்கும் புள்ளி இருத்தல் வேண்டும் என்பதனை அது நிறுவவில்லை. அறிவினாவைப் பரீட்சைக்கு விட்டுவிடலாம். பிள்ளையின் எண்ணத்தை வேண்டி நிற்கும் வினா, பிள்ளையைத் தரம்பிரிக்கும் கருவியாகப் பயன்படுமிடத்து இரண்டு பணிகளும் கெடுகின்றன. தெரிவிலும் நீதி இல்லை, கேள்வியிலும் உண்மை இல்லை. புள்ளியில்லாத வினாவை ஆசிரியரும் பெற்றோரும் பொருட்படுத்தாது கடந்துவிடுவர் என்பதும் உண்மையே. அஃது இந்நாட்டின் கல்வியைப் பற்றிய துயரமான செய்தி, வினாவின் குற்றமன்று.

பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலிற் சோக்கிரதர் ஓர் அடிமைச் சிறுவனிடம், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தின் இருமடங்கு பரப்புக் கொண்ட சதுரத்தின் பக்கம் எவ்வளவு எனக் கேட்கின்றார். சிறுவன் நான்கடி என்கின்றான், பிழை. மூன்றடி என்கின்றான், அதுவும் பிழை. சோக்கிரதருக்கு விடை முன்னரே தெரியும். அவர் கேட்டவற்றுட் பல ‘ஆம்’ எனக் கூறினாற் போதும் என்ற வகையினவே. இதனைச் சுட்டி, சிறுவன் தானே சிந்தித்தான் என்பது ஐயத்துக்குரியது என விமர்சித்தோர் உளர். ஆயினும் அங்கு நிகழ்ந்த ஒன்று பாடநூல்களில் நிகழ்வதில்லை. சிறுவன் கூறிய பிழையான விடைகளையும் சோக்கிரதர் ஏற்று வரைந்து, அதன் பரப்பை அவனைக்கொண்டே எண்ணச் செய்கின்றார். நான்கடி என்ற விடை பதினாறு சதுர அடிக்கும், மூன்றடி என்ற விடை ஒன்பது சதுர அடிக்கும் இட்டுச் செல்வதை அவனே காண்கின்றான். கிடைத்த விடையின் பின்னே கேட்டவரும் நடந்து செல்லுதல் என்பது இதுவே. கேட்பவரின் கடப்பாடு பாராட்டுதலன்று. பிள்ளைகள் கூறுவன யாவும் அருமை எனப் புகழும் இக்கால வழக்கமும் ஒருவகையிற் கேளாமையே.

பின்னே நடப்பதற்குக் காலம் வேண்டும். மேரி பட் றோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் வினாவைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கின்றனர் என்பதை 1974ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டிய வகுப்புகளில் விடைகள் நீண்டன. வழமையாக வாய்திறவாத பிள்ளைகளும் பேசலாயினர். மூன்று விநாடி என்பது பெரிய பொருட்செலவு எதனையும் வேண்டுவதன்று. எனினும் பாடவிதானத்தை முடித்தாகவேண்டிய ஆசிரியருக்கு அம்மௌனம் அச்சந் தருவது. அவரிடமும் யாரோ ஒருவர், முடிந்ததா என்ற அறிவினாவைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். தனக்காகச் சிந்திக்க ஒரு நூல் கிடைத்துவிட்டால் மனிதன் தான் சிந்திக்கும் துன்பத்தை மேற்கொள்ளான் என்ற கருத்தினை ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் 1784ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிள்ளைக்குப் பயிற்சி நூல் போல ஆசிரியருக்குக் கையேடு. சிந்திக்க அனுமதிக்கப்படாத ஆசிரியர் சிந்தனை வினாவைக் கேட்கப் பணிக்கப்படுகின்றார்.

இவ்வினாக்களை நீக்கிவிடலாமா எனின், அதுவும் பொருந்தாது. 1980ஆம் ஆண்டு முதல் அரசினர் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள், நெடுந்தீவிலும் ஹற்றனிலும் கல்முனையிலும் ஒரே வினாவைக் கேட்கின்றன. பல பிள்ளைகளுக்கு, அவர்களது எண்ணத்தை எவரேனும் எழுத்திற் கேட்கும் முதற் சந்தர்ப்பம் அதுவே. நீக்கவேண்டியவை கேட்பவர் கேட்கத் தயாராக இல்லாத வினாக்கள். லயன் அறைப் பிள்ளையிடம் ‘உங்கள் படிக்கும் அறையை எவ்வாறு ஒழுங்காக வைத்திருப்பீர்கள்?’ எனக் கேட்குமுன், ‘எனக்குப் படிக்கும் அறை இல்லை’ என்ற விடையை ஏற்க அந்நூலில் இடமுண்டா என நோக்குதல் வேண்டும். பாடம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாக்கள் வேண்டியதில்லை. ஒரு நூலுக்கு ஐந்து போதும். கையேட்டில் எதிர்பார்க்கும் விடைக்குப் பதிலாகப் பிள்ளையிடம் அடுத்துக் கேட்கத்தக்கது யாது என்பதை எழுதலாம். நன்னூல், மாணாக்கன் ஆசிரியனிடமிருந்து பெறுவது காற்பங்கே என்றும், உடன்பயில்வோரொடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு என்றும் கூறுகின்றது. வினாவை வகுப்பின் நடுவே வைத்துப் பிள்ளைகளைத் தம்முட் பேசவிடுதல் மேனாட்டிலிருந்து வந்த புதுமை எனக் கருத வேண்டியதில்லை.

இன்னும் தீராத சங்கடம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. ‘அப்பா மெசின் போடுவதைக் குறைக்க வேண்டும்’ என எழுதிய பிள்ளையின் கொப்பி வீட்டுக்குச் செல்லும். தந்தை அதனை வாசிப்பார். அவருக்குக் கடன் இருக்கும். வெங்காயத்தின் விலை இருக்கும். அயல் தோட்டக்காரர் இறைப்பதை நிறுத்தாதபோது தாம் மட்டும் ஏன் நிறுத்தவேண்டும் என்ற நியாயமும் இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையை இவற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்துதல் தகுமா? தகாது எனின் அவ்வினாவைக் கேட்டிருக்கலாகாது. தகும் எனின், பிள்ளை அங்கே தனியே நிற்க விடப்படலாகாது. ஆசிரியர் சரியென்றோ பிழையென்றோ குறியிடாது, ‘உங்கள் தோட்டத்தில் வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை இறைக்கின்றீர்கள்? குறைத்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். எனக்குத் தெரியாது’ என அவ்விடையின் கீழ் எழுதலாம். அவ்வாறு எழுதுவாராயின், மறுநாட் காலை அவர் அப்பிள்ளையின் வருகையை எதிர்நோக்கியிருப்பார்.